ரிப்போர்ட்டில் 'ப்ரிகோஷஸ்' என்று எழுதியிருக்கிறார்கள், இது பாராட்டா குறையா?

போச்சம்பள்ளி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஏழு வயசு. இந்தப் பருவ ரிப்போர்ட்டில் மார்க் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பாசிரியை கையால் எழுதும் கட்டத்தில் 'ஷி இஸ் எ ப்ரிகோஷஸ் சைல்ட்' என்று ஒரே வரி, அதற்கு முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அதை ப்ரெஷஸ் என்று படித்து, தங்கமான பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். எனக்கு எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பட்டது, போனில் தேடினேன். ஒரு அகராதி 'வயதுக்கு மீறிய அறிவுள்ள' என்கிறது, இன்னொன்று 'பிஞ்சில் பழுத்த' என்று போட்டிருக்கிறது. இரண்டாவதைக் கேட்டதும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழு வயசுப் பெண் குழந்தையைப் பற்றி இப்படியா எழுதுவார்கள் என்று கேட்கிறார். நம்ம பக்கம் அதை யாரைப் பார்த்து, எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளை எப்படி என்றால், வீட்டுக்கு வரும் செய்தித்தாளை முழுதாகப் படிப்பாள். சந்தையில் நான் பேரம் பேசி முடிப்பதற்குள் மீதி எவ்வளவு வரவேண்டும் என்று சொல்லிவிடுவாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வந்து கேள்வியும் கேட்பாள், அதை மறைக்கவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அதற்கு முன் இந்த வார்த்தையின் உண்மையான பொருள் என்ன, ஆங்கிலம் பேசுகிறவர்கள் எந்த இடத்தில் பயன்படுத்துவார்கள், எங்கிருந்து வந்தது, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாலக்கோடு டீச்சர்:

வணக்கம்மா, நான் ஆங்கிலம் நடத்துகிறவள். முதலில் உச்சரிப்பு: ப்ரி-கோ-ஷஸ், அழுத்தம் நடுவில் இருக்கும் 'கோ' மேல் விழவேண்டும், ஃபெரோஷஸ் சொல்கிற மாதிரி. ப்ரெஷஸ் முற்றிலும் வேறு. அது விலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ப்ரிகேரியஸ் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எப்போது சரியுமோ என்று இருக்கிற நிலையைச் சொல்வது. என் வகுப்புப் பிள்ளைகள் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள், அதனால் உங்கள் வீட்டுக்காரர் படித்ததில் ஆச்சரியமே இல்லை.

பொருள் என்று பார்த்தால், ஒரு திறமையோ குணமோ வழக்கமாக வரவேண்டிய வயதுக்கு முன்னாலேயே வந்துவிட்ட, அவ்வளவுதான். இதில் உயிர்நாடி வயது. புத்திசாலி என்று சொல்ல ப்ரைட், க்ளெவர் எல்லாம் இருக்கிறது, அதை எழுபது வயசுக்காரரைப் பார்த்தும் சொல்லலாம். நன்றாக வேலை செய்கிற நாற்பது வயது இன்ஜினியரை ப்ரிகோஷஸ் என்றால் அது தப்பு. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய சின்ன வயதைச் சொல்ல மட்டும்தான் இது வரும். பாரதியார் எட்டயபுரத்தில் 11 வயதில் 'பாரதி' பட்டம் பெற்றதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'அட் எ ப்ரிகோஷஸ் ஏஜ்' என்று எழுதலாம், அது அங்கே வழக்கமான தொடர். பிரக்ஞானந்தா 2018ல் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனாரே, அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது 'ப்ரிகோஷஸ் டேலண்ட்' என்பது விளையாட்டுச் செய்தியாளர்களுக்குக் கை வந்த தொடர், அதில் பாராட்டைத் தவிர வேறொன்றும் கிடையாது.

ஜாடை எங்கே மாறுகிறது என்றால் பக்கத்தில் நிற்கிற வார்த்தையில்தான். டேலண்ட், கிஃப்ட், எபிலிட்டி என்று திறமையோடு சேர்ந்து வந்தால் பாராட்டு. முன்னால் 'ராதர்', 'எ லிட்டில் டூ' என்று வந்தால், வயசுக்குத் தகுந்த மாதிரி இல்லாமல் பெரிய மனுஷத்தனமாக நடக்கிறது என்று முகம் சுளிப்பது. வெறும் 'ப்ரிகோஷஸ் சைல்ட்' என்றால் இரண்டு பக்கமும் போகும். கிஃப்டட் என்பது திறமை இருக்கிறது என்று சொல்லும், அது முந்தி வந்ததா இல்லையா என்று சொல்லாது. ப்ராடிஜி இதைவிட ரொம்பப் பெரிய வார்த்தை, ஐந்து வயதில் இசை அமைத்த மொசார்ட் மாதிரி ஆளுக்குத்தான் அது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, அதனால்தான் அகராதிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பாராட்டுவதாக இருந்தால் நாம் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்போம், பழிப்பதாக இருந்தால் 'பிஞ்சிலே பழுத்தது' என்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இந்த ஒரே வார்த்தைதான்.

ஒரு ஆசிரியையாக இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வார்த்தையைத் தனியாக எழுதி நிறுத்தியிருக்கக் கூடாது. எதில் என்று எழுதியிருக்க வேண்டும். படிப்பதிலா, கணக்கிலா, பேச்சிலா? பேச்சில் என்றால் 'வெர்பலி ப்ரிகோஷஸ்' என்றே எழுதலாம். கூட்டத்தில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி அதுதான், 'எதில்?'


தகடூர்க்காரன்:

எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள், அதைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். சொற்களின் வேர் தேடிப் படிப்பது எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம், இந்த வார்த்தையின் கதை அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

லத்தீனில் 'பிரைகோக்ஸ்' என்றால் முந்திப் பழுத்தது. பிரை என்றால் முன், கோக்வெரே என்றால் சமைப்பது. அதே கோக்வெரேக்குப் பழுப்பது என்றும் பொருள் உண்டு. வெயிலில் வெந்து வெந்து பழம் பதத்துக்கு வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். குக், கிச்சன் இரண்டுமே அந்த கோக்வெரே வழியில் வந்தவை. பிஸ்கட்டும் அப்படித்தான், இரண்டு முறை வேகவைத்தது என்று அர்த்தம்.

நமக்குச் சொந்தமாகப் படுகிற இடம் அடுத்தது. சமஸ்கிருதத்தில் பச் என்றால் சமைப்பது, பக்வ என்றால் வெந்தது, பழுத்தது. அதுவும் கோக்வெரேயும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள், இந்தோ ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் இதை உறுதியாக நிறுவியிருக்கிறார்கள். அந்த பக்வதான் தமிழில் பக்குவம் ஆகியிருக்கிறது. கறி பக்குவமாக வெந்திருக்கிறது என்கிறோம், பழம் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்கிறோம், அவர் பக்குவப்பட்ட மனுஷர் என்கிறோம். அடுப்பு, மரம், மனசு மூன்றுக்கும் ஒரே சொல். நளபாகத்தில் வருகிற பாகமும் இதே குடும்பம். 'வேலை பக்கா' என்கிறோமே, அந்த பக்கா இந்தியில் பழுத்தது, வெந்தது என்பதிலிருந்து உறுதியானது என்று ஆனது, அதை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் பக்கா என்றே வைத்துக்கொண்டார்கள். ஆக ப்ரிகோஷஸும் பக்குவமும் பக்காவும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

ஆங்கிலத்துக்கு இந்த வார்த்தை வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். முதலில் மனிதர்களுக்குச் சொல்லவில்லை, காலத்துக்கு முன் பூக்கிற, காய்க்கிற செடி மரங்களுக்குத்தான் சொன்னார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. ப்ரிமெச்சூர் என்கிற வார்த்தையும் இதே மாதிரிதான் உண்டானது, மெச்சூர் என்பதும் லத்தீனில் பழுத்தது என்றுதான் இருந்தது. ஆனால் ப்ரிமெச்சூர் 'ரொம்ப சீக்கிரம், இன்னும் நேரம் வரவில்லை' என்று குறையாகவே நின்றுவிட்டது, ப்ரிகோஷஸ் அந்த அளவுக்குப் போகவில்லை.

இன்னொரு சங்கதி, ஆப்ரிகாட் பழம். ரோமானியர்கள் அதைப் பீச் பழத்தோடு ஒப்பிட்டு, பீச்சைவிட முந்திப் பழுப்பது என்று இதே பிரைகோக்ஸ் சொல்லால் அழைத்தார்கள். அது கிரேக்கம் போய், அரபியில் 'அல் பர்கூக்' ஆகி, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மறுபடி ஐரோப்பாவுக்குள் வந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஆப்ரிகாக் என்று நுழைந்து, கடைசியில் பிரெஞ்சு உச்சரிப்பின் சாயலில் ஆப்ரிகாட் ஆனது. உங்கள் மகளுக்கு ஆசிரியை கொடுத்த பெயரும் அந்தப் பழத்தின் பெயரும் ஒன்று. இதை மாமியாரிடம் சொல்லுங்கள், கோபம் கொஞ்சம் இறங்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதைச் சாதாரணமாக 'முந்தி' என்கிற பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதைக்கூட அங்கே ப்ரேகோஸ் என்பார்கள். ஆங்கிலத்தில்தான் அது பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.


சந்தூர் தோப்பு:

பெரியவர் வேரைச் சொல்லிவிட்டார், நான் மரத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, நான் தோட்டக்கலை படித்தவன், படிக்கிறபோது இந்த வார்த்தை பாடத்திலேயே வந்தது.

பழமரத்தில் ப்ரிகோஷஸ் என்றால் நட்டு சீக்கிரமே காய்ப்புக்கு வருவது, அது முழுக்க முழுக்க நல்ல குணம். கொட்டை போட்டு முளைத்த மாமரம் காய்க்க ஆறேழு வருஷமோ அதற்கு மேலுமோ ஆகும், ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் பூக்கும். டெல்லியில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தசேரியையும் நம்ம நீலத்தையும் கலப்பினம் செய்து உண்டாக்கிய ஆம்ரபாலி ரகத்தைப் பற்றிப் படித்தால், குட்டை மரம், வருஷா வருஷம் காய்க்கும், ப்ரிகோஷஸ் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதற்காகவே நெருக்கி நடுகிற தோப்புக்கு அதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் சீக்கிரம் பூக்கிறதே என்று அப்படியே விடவும் மாட்டோம். முதல் இரண்டு மூன்று வருஷம் வருகிற பூவைக் கிள்ளிவிட்டால்தான் கன்று தெம்பாக வளரும்.

தாவரவியலில் இன்னொரு அர்த்தமும் உண்டு. இலை வருவதற்கு முன்னால் பூ வருவதை ப்ரிகோஷஸ் என்பார்கள். நம்ம பக்கத்துக் காடுகளில் கோடை தொடங்கும்போது புரசமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு ஆரஞ்சு நிறத்தில் பூவாகவே நிற்கும் இல்லையா, அதுதான். கோழிக்குஞ்சு பொரித்த அன்றே எழுந்து ஓடி இரை பொறுக்குகிறது, புறாக்குஞ்சு கண்ணே திறக்காமல் கிடக்கிறது. முதல் வகையை ப்ரிகோஷியல் என்று இதே வேரிலிருந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மயில், காடை, கௌதாரி எல்லாம் அந்த வகை.

இப்போது பிஞ்சிலே பழுத்ததற்கு வருகிறேன். அகராதி போடுகிறவர்கள் தோப்புக்குள் வந்து பார்த்தால் ப்ரிகோஷஸுக்கு அதை நேராகப் போடமாட்டார்கள். பிஞ்சில் பழுப்பது எங்களுக்கு நோய். பூச்சி துளைத்தாலோ, காம்பில் அடிபட்டாலோ, தண்ணீர் இல்லாமல் வெயிலில் வாடினாலோ அது நிறம் மாறி மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கையில் எடுத்தால் பழம் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும், கொட்டை முற்றியிருக்காது. அதை 'வெம்பிப்போச்சு' என்போம். மண்டியில் அதற்கு விலையும் கிடையாது, கூழ் ஆலைக்காரர்களும் எடுக்கமாட்டார்கள். ஆனால் நீலத்துக்கு முன்னால் செந்தூரா வருகிறதே, அதை யாராவது வெம்பினது என்று சொல்வோமா? அது அந்த ரகத்தின் குணம், முந்தி வரும், முழுசாகப் பழுத்தே வரும். லத்தீன்காரர்கள் பிரைகோக்ஸ் என்றது அந்த மாதிரிப் பழத்தைத்தான், வெம்பினதை இல்லை. அதனால் மேடம், தமிழில் ஒரு வார்த்தை வேண்டும் என்றால் 'முந்திப் பழுத்தது' என்று வைத்துக்கொள்ளுங்கள், பிஞ்சு என்ற பேச்சே வேண்டாம்.

கல் வைத்துப் பழுக்க வைக்கிறதும் இதில் சேராது. கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, அது பழத்தின் குணமும் இல்லை, வெளியில் இருந்து தள்ளுவது. அந்த மாதிரி நெருக்கிப் பூக்க வைப்பதற்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் 'ஃபோர்ஸ்ட்' என்று வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள்.


ஓசூர் மலர்:

டீச்சர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பொருள் நடுநிலை என்பது அகராதியில் சரி, பழக்கத்தில் அப்படி இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் பேசுகிறேன். யாரும் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேராக 'நீ ப்ரிகோஷஸ்' என்று தட்டிக்கொடுத்து நான் கேட்டதில்லை. பிள்ளையைப் பாராட்டவேண்டும் என்றால் ப்ரைட் என்பார்கள், ஸ்மார்ட் என்பார்கள். ப்ரிகோஷஸ் என்பது பிள்ளை அந்தப் பக்கம் போன பிறகு பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தை, அதில் பாதி வியப்பு, பாதி 'இந்த வயசில் இவ்வளவு பேச்சா' என்கிற சலிப்பு. அந்த ஆசிரியை ஏன் ப்ரைட் என்று எழுதவில்லை? நடுவில் வந்து கேள்வி கேட்கிறாள் என்று அம்மாவே சொல்கிறார். அதைத்தான் மரியாதையாகச் சுட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியே இருந்தாலும் கேள்வி கேட்பது குற்றம் இல்லை, அதற்காகப் பிள்ளையை வாயை மூடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


பாலக்கோடு டீச்சர்:

மலர், முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை என்பது நல்ல கவனிப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது ஒருவரைப் பற்றிச் சொல்கிற வார்த்தை, ஒருவரிடம் சொல்கிற வார்த்தை இல்லை. ஆனால் சலிப்பு கட்டாயம் இருக்கும் என்பதை ஏற்கமாட்டேன். நான் படிக்கிற புத்தக விமர்சனங்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் 'ப்ரிகோஷஸ் ரீடர்' என்று சாதாரணமாக வருகிறது, நாலு வயசிலேயே தானாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளை என்று அர்த்தம், அதில் சலிப்பு துளியும் இல்லை. செய்தித்தாள் படிக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு அது பொருந்தத்தானே செய்கிறது. அப்புறம் நம்ம ஊர் ஆசிரியர்கள் இங்கிலாந்துக்காரர்கள் மாதிரி ஜாடையாக எழுதுகிற வழக்கமும் குறைவு. குறை சொல்லவேண்டும் என்றால் 'டாக்கேட்டிவ்' என்று பளிச்சென்று எழுதிவிடுவார்கள், அதை நான் நிறைய ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். தமிழில் அதிகப்பிரசங்கி என்கிறோமே, அதற்கு ப்ரிகோஷஸ் ஈடாகாது.


தர்மபுரி நர்ஸ்:

ஒரு சின்னத் தகவல். ரிப்போர்ட்டில் ஆசிரியை எழுதியிருந்தால் மேலே சொன்னவைதான். இதே வார்த்தை டாக்டர் சீட்டில் 'ப்ரிகோஷஸ் ப்யூபர்ட்டி' என்று இருந்தால் அர்த்தமே வேறு, பெண் குழந்தைக்கு எட்டு வயசுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு ஒன்பது வயசுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்குவது. சிலர் 'சீக்கிரம் பெரிய மனுஷி ஆகிறாள்' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும். பிள்ளை திடீரென்று உயரமாகிற மாதிரி தெரியும், ஆனால் எலும்பு சீக்கிரம் முற்றிவிடுவதால் கடைசி உயரம் குறைந்துபோகலாம். சிகிச்சை இருக்கிறது. இங்கே நிறையப் பெற்றோர் படிக்கிறீர்கள் என்பதால் சொன்னேன், கேட்ட அம்மாவின் பிள்ளைக்கு இதில் ஒன்றும் இல்லை.


போச்சம்பள்ளி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன ஆப்ரிகாட் கதையை மாமியாருக்குச் சொன்னேன், ஆனால் அவருக்கு மனசுக்குப் பட்டது தோப்புக்காரத் தம்பி சொன்னதுதான், வெம்பினது வேறு முந்திப் பழுத்தது வேறு என்பதை அவரே இன்னும் நாலு மரத்தை வைத்து எனக்கு விளக்கினார். டீச்சர், ஒரு உதவி. கூட்டத்தில் 'எதில்' என்று கேட்பதை ஆங்கிலத்தில், சண்டைக்கு வந்த மாதிரி தெரியாமல் எப்படிக் கேட்பது? ரிப்போர்ட்டில் பெற்றோர் கருத்து என்று கீழே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள், அதில் என்ன எழுதலாம்?


பாலக்கோடு டீச்சர்:

கேட்பதைத் தமிழிலேயே கேளுங்கள் அம்மா, அவரும் நம்ம ஊர்க்காரர்தானே. 'நீங்க எழுதினதைப் படிச்சோம் டீச்சர், எந்த விஷயத்துல அவ வயசுக்கு முந்தி இருக்கான்னு சொன்னா வீட்ல அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்குவோம்' என்றால் போதும், யாருக்கும் வருத்தம் வராது. படிப்பில் என்று சொன்னால் வகுப்புப் புத்தகத்துக்கு மேல் என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள், நூலகத்தில் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சில் என்று சொன்னால் வகுப்பில் எந்த நேரத்தில் அது இடைஞ்சலாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோட்டில் எழுதுவதற்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் 'ப்ளீஸ் டெல் அஸ் இன் விச் ஏரியாஸ் ஷி இஸ் ப்ரிகோஷஸ், ஸோ தட் வீ கேன் சப்போர்ட் ஹெர் அட் ஹோம்'. ப்ரிகோஷஸ் என்பதில் 'பிஆர்இ'க்குப் பிறகு 'சிஓசி' வரும், அதற்கப்புறம் 'ஐஓயுஎஸ்', நடுவில் எஸ் வராது. எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.